பதவி வேண்டாம் என்று சொல்லும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

பள்ளிக் கமிட்டி, கோயில் திருப்பணிக் குழு, திருச்சபைப் பெண்கள் ஐக்கியம், ஜமாஅத்தின் மகளிர் பிரிவு, குடியிருப்போர் நலச் சங்கம், முதியோர் இல்லம் நடத்தும் டிரஸ்ட் என்று ஏதோ ஓர் இடத்தில் பல வருடங்களாக உழைத்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். ரசீதுப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவது நீங்கள்தான். யாருக்கு என்ன உடம்பு, எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் பாக்கி, எந்தப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆண்டு விழாவில் உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள்; கைதட்டலும் பலமாக இருக்கும். பிறகு பொதுக்குழு கூடும். புதிய நிர்வாகிகள் பட்டியலை வாசிப்பார்கள். அதில் உங்கள் பெயர் இருக்காது. யாராவது ஒருவர் ஒப்புக்குக் கேட்பார்: "நீங்க நிக்கலையாம்மா?" நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள்: "எனக்கெதுக்கு சார் பதவியெல்லாம்? வேலை நடந்தா போதும்."

உங்களுடைய இந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஊர் இதை அடக்கம் என்கிறது. கேட்பவருக்கு அது வசதி என்பதால் அப்படிச் சொல்கிறது என்பது என் எண்ணம். பதவி வேண்டாம் என்று நீங்கள் சொன்ன அந்த நொடியில், காசோலையில் கையெழுத்திடும் உரிமையும் போய்விடுகிறது, தீர்மானத்தை எழுதும் உரிமையும் போய்விடுகிறது, உங்களுக்குப் பின் இந்த வேலையை யார் பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது உழைப்பு மட்டும். அந்த உழைப்பை யார் எந்தத் திசைக்குத் திருப்பினாலும் நீங்கள் கேட்க முடியாது. தையல் வகுப்புக்கென்று நீங்கள் திரட்டிய பணத்தில் நுழைவாயில் வளைவு கட்டுவார்கள். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற உங்களைக் கூப்பிடுவார்கள்.

வாதம் செய்து உங்களை மடக்க நான் வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்கிறேன், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள். அவர் பெயர் ஹென்ரியட்டா ஸோல்ட். 1860 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்து, 1945 பிப்ரவரி 13 அன்று ஜெருசலேமில் இறந்த யூதப் பெண். எங்கோ பிறந்தவரைப் பற்றி நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தன் வாழ்வின் முதல் பாதியில் நீங்கள் சொல்கிற அதே பதிலைத்தான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பாதியில் மாற்றிக்கொண்டார். இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

தந்தை பெஞ்சமின் ஸோல்ட் ஒரு ரபி, அதாவது யூத மதகுரு. எட்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் ஹென்ரியட்டாதான் மூத்தவர். ஆண் வாரிசு இல்லையே என்று அந்த வீட்டில் யாரும் பெருமூச்சு விடவில்லை. தந்தை மகளை மேசைக்கு எதிரே உட்காரவைத்து எபிரேயமும் ஜெர்மனும் வேத நூல்களும் கற்றுக்கொடுத்தார். கடிதங்களையும் கட்டுரைகளையும் அவரிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார். பள்ளி முடித்ததும் மகள் ஆசிரியையானார். ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த வன்முறைகளுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் பால்டிமோர் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. பகலெல்லாம் தையல் கூடங்களில் உழைத்துக் களைத்தவர்களுக்காக 1889இல் ஒரு இரவுப் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் அங்கே பாடம். பகலில் பள்ளி வேலை, இரவில் இந்த வேலை. பத்தாண்டுக்குள் அந்தப் பொறுப்பை நகர நிர்வாகமே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்க நகரங்களில் பரவலான குடியேறிகளுக்கான மாலை வகுப்புகளுக்கு இது ஒரு முன்னோடி.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இனிமேல் நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது உங்கள் கதையும்கூட.

1893இல் அமெரிக்க யூதப் பதிப்பகக் கழகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் செயலாளர். செய்த வேலையோ பதிப்பாசிரியர் வேலை. கையெழுத்துப் பிரதியைப் படித்துத் தேர்வதும், ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பதும், மெய்ப்பு பார்ப்பதும், ஆசிரியர்களோடு கடிதப் போர் நடத்துவதும், சில வருடங்கள் ஆண்டு மலரைத் தொகுப்பதும் அவர்தான். 23 ஆண்டுகள் இப்படிப் போயின. அந்தக் கழகம் வெளியிட்ட நல்ல நூல்களில் அவர் கை படாதவை சொற்பம். ஆனாலும் முன்னட்டையிலும் மேடையிலும் இருந்த பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை.

தந்தை இறந்தபின் தாயோடு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். தந்தை விட்டுச்சென்ற எழுத்துகளைப் பதிப்பிக்கத் தன் கல்வி போதாது என்று நினைத்து, மதகுருக்களைப் பயிற்றுவிக்கும் யூத இறையியல் கல்லூரியில் படிக்க விண்ணப்பித்தார். 1903இல் இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: படிக்கலாம், ஆனால் மதகுருப் பட்டம் கேட்கக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். வகுப்பில் உட்கார்ந்திருந்த பலரைவிட அதிகம் படித்தவர் அவர். "எனக்கெதுக்கு சார் பதவி" என்பதன் நியூயார்க் வடிவம் இதுதான்.

அங்கே பேராசிரியர் லூயிஸ் கின்ஸ்பெர்கின் பெரிய நூல் ஒன்றின் முதல் பாகங்களை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். யூதர்களின் புராணக் கதைகளைத் திரட்டிய நூல் அது. வேலையோடு அன்பும் வளர்ந்தது. அவரைவிடப் பேராசிரியர் 13 வயது இளையவர். ஒருநாள் பேராசிரியர் வேறொரு பெண்ணை மணக்கப்போவதாக வந்து சொன்னார். ஹென்ரியட்டா உடைந்துபோனார். இதை ஒரு காதல் தோல்வி என்று மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். எழுதிக் கணக்கு வைக்காத உழைப்புக்கும், வாய்விட்டுச் சொல்லாத எதிர்பார்ப்புக்கும் நேர்வது இதுதான். கொடுத்தவருக்கு மட்டுமே நினைவிருக்கும். வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மனம் ஆறட்டும் என்று 1909இல் தாயோடு பயணம் கிளம்பினார். அன்றைய துருக்கிப் பேரரசின் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்கும் போனார். யாஃபா நகரத்தில் அவர் பார்த்த காட்சி எல்லாவற்றையும் மாற்றியது. பிள்ளைகளின் கண்ணிமைகளில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. டிரக்கோமா என்ற கண்நோய். கவனிக்காமல் விட்டால் பார்வையையே பறித்துவிடும். ஒரு ஆண்கள் பள்ளியில் பிள்ளைக்குப் பிள்ளை இந்த நோய். அருகிலேயே இருந்த பெண்கள் பள்ளியில் மிகக் குறைவு. காரணம் கேட்டார்கள். பெண்கள் பள்ளிக்கு மருத்துவர் வந்துபோகிறார், ஒரு செவிலியர் தவறாமல் வந்து பிள்ளைகளின் கண்ணைக் கழுவி மருந்து போடுகிறார் என்று பதில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். நியூயார்க்கில் உன் படிப்பு வட்டத்துப் பெண்கள் கூடிக்கூடிப் பேசுகிறீர்களே, செய்ய வேண்டிய வேலை இங்கே இருக்கிறது என்று மகளிடம் சொன்னவர் அவருடைய தாய் ஸோஃபி.

1912 பிப்ரவரி 24 அன்று நியூயார்க்கின் எமானுவேல் ஆலயத்தில் பெண்கள் சிலர் கூடினார்கள். எஸ்தர் அரசியை நினைவுகூரும் பூரிம் திருநாளையொட்டிய நாட்கள் அவை. அந்த அரசியின் இன்னொரு பெயரையே அமைப்புக்குச் சூட்டினார்கள்: ஹடாசா. ஹென்ரியட்டா தலைவரானார். அப்போது அவருக்கு வயது 51.

இந்த இடத்தில் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். அதே பெண், அதே அறிவு, அதே உழைப்பு. மாறியது ஒன்றே ஒன்று: வேலையும் பொறுப்பும் முடிவெடுக்கும் உரிமையும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. மறு வருடமே ரோஸ் கப்லான், ரேச்சல் லாண்டி என்ற இரண்டு செவிலியர்கள் ஜெருசலேமுக்குக் கப்பலேறினார்கள். மியா ஷெயரிம் பகுதியில் ஒரு சிறு வீட்டைப் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளின் கண்ணுக்கு மருந்து போட்டார்கள். பிரசவம் பார்க்க உதவினார்கள். அவர்கள் சம்பளம் வாங்கிய, முறையாகப் பயின்ற செவிலியர்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மனம் இருக்கிறது என்பதற்காக யாரையும் நோயாளி முன்னால் நிறுத்தக் கூடாது என்பதில் ஹென்ரியட்டா கறாராக இருந்தார். 1918இல் மருத்துவர்களும் செவிலியர்களும் பிறருமாக நாற்பதுக்கு மேற்பட்டோர் கொண்ட மருத்துவக் குழு மருந்துகளோடும் கருவிகளோடும் போய்ச் சேர்ந்தது. அதே வருடம் ஜெருசலேமில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1921இல் முதல் அணியாக 22 பேர் படித்து வெளியே வந்தார்கள். சிகிச்சை என்று வந்தவர் யூதரா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று பார்ப்பதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே அவர்கள் வைத்திருந்த விதி.

பணம் வந்தது, பணத்தோடு சண்டையும் வந்தது. 1918இல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் கோரிய அமெரிக்காவின் சியோனிச அமைப்புகளை எல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஹடாசாவும் அதற்குள் அடங்கிப்போனது. சீக்கிரமே பெண்களுக்கு உண்மை உறைத்தது. ஊர் ஊராகப் பேசி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பொதுக் கஜானாவுக்குப் போகும். எதற்குச் செலவிடுவது என்று வேறு யாரோ முடிவு செய்வார்கள். பெண்களின் இயல்பு சேவை, கொள்கை முடிவுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிற தோரணை. இந்தத் தோரணை உங்களுக்குப் புதிதா? ஹடாசாவின் பெண்கள் விடவில்லை. தாங்கள் திரட்டும் பணம் தாங்கள் சொன்ன மருத்துவமனைக்கும் பள்ளிக்கும்தான் போக வேண்டும் என்று போராடி, சுயாதீனத்தைத் திரும்ப வாங்கினார்கள். அப்படி வாங்காமல் இருந்திருந்தால், 1939இல் ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலையில் திறந்த ஹடாசா மருத்துவமனை கட்டப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, அவருக்குத் துணிச்சல் பிறவியிலேயே இருந்தது, நமக்கு வராது என்பீர்கள். அதற்காகவே 1916இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் அவர் தாய் இறந்தார். இறந்த பெற்றோருக்காகப் பதினொரு மாதம் ஜெப ஆலயத்தில் கத்தீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வது யூத வழக்கம், மகன்தான் சொல்வான். மகன் இல்லாத வீட்டில் வேறோர் ஆண் சொல்வார். குடும்ப நண்பர் ஒருவர் அன்போடு முன்வந்தார்: நான் சொல்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள். நம் ஊரில் கொள்ளி வைக்கப் பெரியப்பா பையனைத் தேடுவார்களே, அதேதான். ஹென்ரியட்டா அவருக்கு எழுதிய பதில் இன்றும் யூதப் பெண்களிடையே பேசப்படுகிறது. அதில் கோபம் இல்லை. உங்கள் அன்புக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தொடங்கி, ஆனாலும் என் கடமையை இன்னொருவரிடம் ஒப்படைக்க என்னால் இயலாது என்று மறுக்கிறார். எட்டுப் பெண்களைப் பெற்ற என் தாய் மகனில்லையே என்று வருந்தி நான் கேட்டதில்லை என்றும், தந்தை இறந்தபோதும் மகள்களின் இடத்தில் வேறொருவரை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை என்றும் சொல்கிறார். அவருக்குத் துணிச்சல் வந்த இடம் இதுதான். தன் கடமை என்று எதை நினைத்தாரோ, அதை அன்பின் பெயரால்கூட அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை. உங்களிடமும் பதவியைப் பறித்துக்கொண்டவர்கள் அதிகாரமாகப் பறிக்கவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல், நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அதே 1916இல் நண்பர்கள் சிலர் சேர்ந்து, அவர் சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பொதுவேலை செய்ய ஆயுள் முழுதும் ஒரு உதவித்தொகை கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். வாங்கிக்கொண்டார். சேவைக்குக் காசு வாங்கலாமா என்று நீங்கள் கூசுகிறீர்கள். பஸ் கட்டணத்தைக்கூடக் கணக்கில் எழுதாமல் வீட்டுச் செலவில் ஒளித்துவைக்கிறீர்கள். உங்களுக்குப் பின் வரும் வசதியில்லாத பெண் அந்தச் செலவைத் தாங்க முடியாமல் விலகிப்போவாள் என்பதை யோசித்துப் பாருங்கள். செலவை எழுதுங்கள். அது உங்களுக்காக அல்ல, அவளுக்காக.

1920இல், அறுபதை எட்டும் வயதில், ஜெருசலேமுக்குப் போனார். மருத்துவக் குழுவின் விவகாரங்களைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். அமெரிக்காவில் தங்கைகள் இருந்தார்கள். அவர்களிடம் திரும்பும் ஏக்கம் கடைசிவரை அவர் கடிதங்களில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை மூட்டை கட்டும்போதும் ஒரு வேலை வந்து வழிமறித்தது. 1927இல் உலக சியோனிச அமைப்பின் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான். கல்வியும் சுகாதாரமும் அவர் பொறுப்பு. கையில் காசில்லாத காலம். பட்ஜெட்டை வெட்டி, வசவை வாங்கிக்கொள்ளும் நாற்காலி அது. உட்கார்ந்தார். 1931இல் பாலஸ்தீன யூதர்களின் தேசிய மன்றத்தில் சமூகநலத் துறையை உருவாக்கும் பொறுப்பு வந்தது. வாசலில் நிற்பவருக்குத் தர்மம் போடுவதுபோல் நடந்துகொண்டிருந்த உதவியை, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய் விசாரித்து, பதிவேட்டில் எழுதிச் செய்யும் பணியாக மாற்றினார்.

1933இல் மறுபடியும் வீடு திரும்பும் யோசனை. அந்த வருடம் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத இளைஞர்களுக்கு வேலையும் படிப்பும் மறுக்கப்படுவதைக் கண்ட ரேகா ஃப்ரையர் என்ற பெர்லின் பெண்மணி, அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பாலஸ்தீனத்தின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப்பண்ணைகளுக்கு அனுப்பும் திட்டத்தை வகுத்திருந்தார். முதலில் ஹென்ரியட்டா தயங்கினார், மறுத்தார். இங்கிருக்கும் பிள்ளைகளுக்கே கஞ்சிக்கு வழியில்லை, வருகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்பது அவர் கேள்வி. பிறகு பொறுப்பை ஏற்றார். யூத் அலியா என்று பெயர் பெற்ற அந்த இயக்கத்தின் முதல் குழு 1934 பிப்ரவரியில் ஹைஃபா துறைமுகத்தில் இறங்கியபோது, 73 வயதில் கரையில் நின்று வரவேற்றார். அதன்பின் எத்தனையோ கப்பல்கள். ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் படிப்பார்: எந்த ஊர், பெற்றோர் எங்கே, என்ன படித்தது, உடம்பில் என்ன குறை. அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு என்று இரண்டு வருடத் திட்டம். பண்ணைகளுக்கு நேரில் போய், படுக்கை எப்படி இருக்கிறது, பாட நேரத்தைத் திருடி வயலுக்கு அனுப்புகிறார்களா என்று பார்ப்பார். விட்டுவந்த பெற்றோரில் பெரும்பாலோரைப் பிள்ளைகள் மறுபடி பார்க்கவேயில்லை.

பொறுப்பு என்றால் பழியும் சேர்ந்ததுதான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். போலந்திலிருந்து சோவியத் மண்ணுக்கு ஓடி, பசியிலும் நோயிலும் பெற்றோரை இழந்து, 1942இல் ஈரானை அடைந்த யூதப் பிள்ளைகளை "தெஹ்ரான் பிள்ளைகள்" என்பார்கள். ஈராக் தன் நிலத்தின் வழியே விடவில்லை. ஆகவே அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சி வரை கப்பலில் வந்து, அங்கிருந்து அரேபியாவைச் சுற்றி சூயஸுக்குப் போய், ரயிலேறி, 1943 பிப்ரவரியில் 700க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாலஸ்தீனத்தின் அத்லித் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஹென்ரியட்டாவுக்கு அப்போது 82 வயது. பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பெரியவர்களின் சண்டை மூண்டது: இவர்களை மதநெறிப்படி வாழும் இடங்களுக்கு அனுப்புவதா, மதச்சார்பற்ற பண்ணைகளுக்கா? ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுப் பின்னணியை விசாரித்து, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளிடம் விருப்பம் கேட்டு அனுப்பும் வழியை அவர் அலுவலகம் பிடித்தது. இரண்டு தரப்பும் அவரைத் திட்டின. பத்திரிகைகளில் வசை. தாங்கிக்கொண்டார். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு நல்ல பெயர் என்பது எல்லா நாளும் கிடைக்காது. நீங்கள் பதவியைத் தவிர்ப்பதற்கு உண்மையான காரணம் இந்த நல்ல பெயரைக் காப்பாற்றும் ஆசையாகவும் இருக்கலாம். இரவில் தனியாக யோசித்துப் பாருங்கள்.

அந்த மண் இன்று எரிகிறது, அங்கே போய்ச் சேர்ந்தவரை எங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறாயா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் சியோனிஸ்ட், அதை மழுப்பத் தேவையில்லை. அதே நேரம், யூதரும் அரபியரும் ஒரே நாட்டில் சம உரிமையோடு வாழ வேண்டும் என்று வாதிட்ட இஹூத் என்ற சிறு குழுவை 1942இல் யூதா மாக்னஸ், மார்ட்டின் பூபர் ஆகியோரோடு சேர்ந்து தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய சொந்த இயக்கத்தில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. ஹடாசாவிலேயே முகம் சுளித்தார்கள். எண்பதைத் தாண்டிய வயதில், கிடைத்த மரியாதையைப் பணயம் வைத்து ஒரு சிறுபான்மைக் கருத்தைச் சொன்னார். சொல்ல முடிந்ததற்கும், அது பதிவானதற்கும் அவர் வகித்த இடமும் ஒரு காரணம்.

அவர் குறையற்றவரும் அல்ல. யூத் அலியா யோசனைக்குச் சொந்தக்காரரான ரேகா ஃப்ரையர் 1941இல் பாலஸ்தீனத்துக்குத் தப்பி வந்தபோது, அந்த இயக்கத்தில் அவருக்கு இடம் தரப்படவில்லை. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஃப்ரையருக்கு உரிய அங்கீகாரமாக இஸ்ரேல் பரிசு வந்தது 1981இல்தான். ஒரு பெண்ணுக்கு அதிகாரம் கிடைத்துவிட்டால் இன்னொரு பெண்ணுக்கு நியாயம் தானாகக் கிடைத்துவிடாது. ஆகையால் உங்களிடம் நான் கேட்கப்போவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மறைந்தபின் அவருக்கு மரியாதைகள் குவிந்தன. இஸ்ரேல் 5 லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. அவர் இறந்த எபிரேயத் தேதியை அன்னையர் தினமாகக் கொண்டாடினார்கள். பிறகு அது குடும்ப தினமானது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை பெறவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தாய் என்று போற்றுவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டு செல்லாக் காசாகிவிட்டது. தினத்தின் பெயரும் மாறிவிட்டது. செவிலியர் பள்ளி இன்றும் அவர் பெயரோடு செவிலியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஹடாசா மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது. தாய்மைக்குக் கிடைத்த பாராட்டு தேய்ந்துபோனது; தலைவராக அவர் கட்டியது நிற்கிறது. உங்கள் அலமாரியில் மடித்து வைத்திருக்கும் பொன்னாடைகளையும் இப்படி ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்பீர்கள். இரவு பத்து மணிக்கு அன்னதானத்துக்குக் காய் நறுக்கச் சம்மதித்த வீடு, மாதம் ஒரு கூட்டத்துக்கும் சம்மதிக்கும், கேட்டுப் பாருங்கள். கணக்கு வழக்கு புரியாது என்பீர்கள். இருநூறு பேரிடம் வசூலித்து ஒரு ரூபாய் குறையாமல் ஒப்படைத்தவர் நீங்கள். மைக்கில் பேச வராது என்பீர்கள். பேச்சாளர்கள் நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். வயதாகிவிட்டது என்பீர்கள். 51, 60, 73 என்று மேலே நான் எழுதிய எண்களை மறுபடி பாருங்கள்.

இனி என் வேண்டுகோள். வரும் பொதுக்குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். மகளிரணி, விழாக்குழு, வரவேற்புக் குழு என்று ஏதாவது தந்து சமாதானப்படுத்துவார்கள், ஏற்காதீர்கள். காசோலையில் கையெழுத்துப் போடும் இரண்டு பேரில் ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பார்த்தபிறகே கையெழுத்திடுங்கள். நீங்கள் திரட்டும் பணம் எதற்காகத் திரட்டப்பட்டதோ அதற்குத்தான் செலவாக வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வேலை தெரிந்தவர்களைச் சம்பளத்துக்கு வைக்க ஒரு தொகை ஒதுக்குங்கள். யார் கொடுத்த யோசனை என்பதைப் பெயரோடு பதிவு செய்யுங்கள், அந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்காத பெண்ணுடையதாக இருந்தாலும். உங்களைவிட இருபது வயது இளையவள் ஒருத்தியை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள்.

முதல் தடவை தோற்கலாம். கையைத் தூக்க இரண்டு பேர்தான் இருக்கலாம். "இந்த அம்மாவுக்கும் பதவி ஆசை வந்துடுச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஆமாம், வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடமும் பெயர் கொடுங்கள். வேட்புமனுவில் முன்மொழிபவர் கையெழுத்துக்கு ஆள் இல்லையென்றால் உங்களைப் போலவே உழைக்கும் இன்னொரு பெண்ணிடம் கேளுங்கள். அவர் மனுவில் நீங்கள் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி